கேரை என்பது கீரை அல்ல

செஞ்சியில் நான் பார்க்கும் வேலைக்கு ஊர் வைத்த பெயர் ஃபிரிட்ஜ் ரிப்பேர். உண்மையில் என் பிழைப்பு பால் குளிரூட்டும் தொட்டிகளோடுதான். வல்லம் பக்கத்துக் கிராமங்களில் பால் ஊற்றும் இடத்தில் கம்ப்ரஸர் நின்றுபோனால் எனக்கு போன் வரும். நான் போய்ச் சேரும்போது பால் நன்றாக இருந்தால் டீ கிடைக்கும், திரிந்திருந்தால் வசவு கிடைக்கும். இருபது வருடமாக இந்த இரண்டுக்கும் நடுவில் பைக் ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.

அப்படிப்பட்டவனை மாலத்தீவுக்கு அனுப்பிவைத்தவர், சென்னையில் கம்ப்ரஸர் விற்கும் என் பழைய முதலாளி. ஏதோ ஒரு தீவில் ஐஸ் பிளான்ட் நின்றுவிட்டதாம். வழக்கமாகப் போகிறவருக்கு டெங்கு. "தரணி, நீ போ, நாலு நாள் வேலை" என்றார். என்றைக்கோ துபாய் போவதற்காக எடுத்து, போகாமலேயே என் மனைவி சுமதியின் புடவைகளுக்கு அடியில் கிடந்த பாஸ்போர்ட்டுக்கு விமோசனம் வந்தது.

வீட்டில் சொல்வதில்தான் சிக்கல். நாங்கள் சமணர்கள். செஞ்சி வட்டாரத்தில் நயினார் வீடு என்றால் எல்லோருக்கும் தெரியும். என் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவேன். எழுபது வயதிலும் வல்லத்தை ஒட்டிய எங்கள் நிலத்தில் மல்லாட்டை போடுகிறார். வேர்க்கடலைக்கு எங்கள் பக்கம் அதுதான் பெயர். தண்ணீரை வடிகட்டித்தான் குடிப்பார். பொழுது சாய்ந்தபின் ஒரு பருக்கை தொடமாட்டார். அவரிடம் போய், மீனுக்கு ஐஸ் போடப் போகிறேன் என்று எப்படிச் சொல்வது?

"ஐஸ் கம்பெனில மெஷின் ரிப்பேரு நைனா."

"ஐஸ்னா? பசங்க துன்ற குச்சி ஐஸா?"

நான் தலையை ஆட்டினேன். ஆமாம் என்றும் எடுத்துக்கொள்ளலாம், இல்லை என்றும் எடுத்துக்கொள்ளலாம், அப்படி ஓர் ஆட்டல். நைனா ஆமாம் என்றே எடுத்துக்கொண்டார். "குச்சி ஐஸ் துன்றதுக்கு கடலு நடுவுல போயி குந்திகினு இருக்கானுங்களா!" என்று வியந்தார்.

முதல் நாளே என் டூல்ஸ் பை என்னைப் பிரிந்தது. கடைசிக் கட்டப் பயணம் ஒரு விசைப்படகில். வழியெல்லாம் தீவு தீவாக நின்று ஆளை இறக்கும், ஏற்றும். மூட்டைகள் கைமாறிக் கைமாறிக் கரைக்குப் போகும். நம் ஊர் டவுன் பஸ் கண்டக்டர் போலவே அங்கும் ஒருவர் அவசரப்படுத்திக்கொண்டிருந்தார். அந்த அவசரத்தில் நான் இறங்கினேன், பை இறங்கவில்லை. அது அடுத்த தீவுக்கு ஜாலியாகப் போய்விட்டது. "நாளைக்கு வரும்" என்றார்கள். அந்தச் சொல்லுக்கு எங்கள் ஊரில் என்ன பொருளோ அதேதான் அங்கேயும் என்பது பிறகு தெரிந்தது.

தீவைப் பற்றிச் சொல்ல வேண்டும். செஞ்சி பஸ் ஸ்டாண்டில் இருந்து ராஜகிரிக் கோட்டை மலை அடிவாரத்துக்கு நடப்பதற்குள் அந்தத் தீவு முடிந்துவிடும். செஞ்சிக்குப் பழகிய என் கண்ணுக்கு எந்தத் திசையில் திரும்பினாலும் ஒரு பாறைக்குன்று வேண்டும். அங்கே செல்போன் டவரைத் தவிர அண்ணாந்து பார்க்க எதுவும் இல்லை. கடல் என்றால் எனக்கு பாண்டிச்சேரி, சுண்டல் வாங்கப் போகும் இடம். இங்கே சுண்டலும் இல்லை, கடல் முடிகிற இடமும் இல்லை.

கரையில் என்னை வரவேற்றவர் ஜெரால்டு. குளச்சல்காரர், ஐஸ் பிளான்டின் மேனேஜர். தமிழ் கேட்டதும் எனக்கு உயிர் வந்தது. மணி ஐந்தரை. ஆறு மணிக்குள் சாப்பிட்டாக வேண்டும் என்று என் நிலைமையைச் சொன்னேன். கறி மீன் எதுவும் தொடமாட்டேன் என்றும் சொன்னேன். ஆனால் படகு இன்ஜின் சத்தத்தில் அவர் காதில் முதல் பாதி மட்டும்தான் விழுந்திருக்கிறது.

"வெசனப்படாதீங்க சாரே. கேரைக் கொழம்பு சூடா இருக்கு."

கீரைக் குழம்பு! நடுக்கடலில் நமக்காகக் கீரை ஆய்ந்து குழம்பு வைத்திருக்கிறார் பாருங்கள் என்று மனசு இளகிப்போய் ஓடினேன். மூடியைத் திறந்தார். செக்கச்செவேல் என்ற குழம்பில் கை அகலத்துக்குத் துண்டங்கள்.

"இது என்னது?"

"கேரையாக்கும். மஞ்சச் செறகு வச்ச சூரை மீனு. எனக்க ஊர்ல இதுக்கு அதான் பேரு." என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஐயோ சாரே, நீங்க கீரைன்னு நெனச்சியளா!" என்று தலையில் கைவைத்தார்.

சூரியன் கடலுக்குள் இறங்க இன்னும் ஒரு விரற்கடைதான் பாக்கி. நாலு வாழைப்பழமும் ஒரு மூடித் தேங்காயும் நின்றபடியே தின்று முடித்தேன். ஜெரால்டு சூரியனையும் என் வாயையும் மாறி மாறிப் பார்த்து, "சாரே, சீக்கிரம், சீக்கிரம்" என்று உற்சாகப்படுத்திக்கொண்டிருந்தார்.

இரண்டாம் நாள் காலை டீக்கடை. கண்ணாடிப் பெட்டியில் சமோசா மாதிரி, போண்டா மாதிரி, உருண்டை மாதிரி, பார்க்கவே நாக்கில் நீர் ஊறும் பலகாரங்கள். ஒவ்வொன்றாகக் காட்டி "மீன் இருக்கிறதா?" என்று கேட்டேன். கடைக்காரர் பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ சொன்னார். ஜெரால்டு மொழிபெயர்த்தார்: "மீன் இல்லாமல் பலகாரம் செய்ய நான் என்ன, மாவை வீணாக்குகிறவனா?" தேங்காய்த் துருவலும் வெங்காயமும் எலுமிச்சையும் பிசைந்து ரொட்டியோடு தந்தார்கள். அதிலும் வழக்கமாகப் புகை போட்ட சூரையை உதிர்த்துப் போடுவார்களாம். எனக்காக விட்டுவிட்டதில் கடைக்காரருக்கு ஏக வருத்தம். சமணர்களுக்கு வெங்காயம் கூடாதுதான். அந்த விஷயத்தில் நான் வெளியூரில் அவ்வளவு உத்தமன் இல்லை.

ஐஸ் பிளான்ட் வாசலில் ஒருவர் கைகட்டி நின்றிருந்தார். ஹசன், மூன்று தோணிகளின் சொந்தக்காரர். அவர்கள் மொழியிலும் தோணி தோணிதான். மூன்றும் கடலில் இருந்தன. ஒன்றில் அவருடைய தம்பி. பிளான்டில் மிஞ்சிய கடைசி ஐஸை ஏற்றிக்கொண்டு போனவர்கள் மறுநாள் மதியம் கேரையோடு திரும்புகிறார்கள். மீனை வாங்கும் கப்பல் அதற்கு அடுத்த நாள்தான் வரும். நடுவில் ஒரு நாள் மீன் கிடக்க ஐஸ் வேண்டும்.

"ஒரு நாள் தாங்காதா?" என்று கேட்டேன்.

ஜெரால்டு ஆபீஸ் சுவரில் ஒட்டியிருந்த படத்தைக் காட்டினார். மீன்வளத் துறைக்காரர்கள் பயிற்சி கொடுத்தபோது தந்தது. "மத்த மீன் மாதிரி இல்ல சாரே. இதுக்கு ஒடம்புல சூடு உண்டு. தூண்டில்ல மாட்டிப் போராடும்போ சூடு இன்னும் ஏறும். ஒடனே ஐஸ்ல போடலன்னா சதை வெந்தது போல ஆவும். கெட்டத தின்னா மூஞ்சி செவந்து, தடிச்சு, ஆசுபத்திரிக்குப் போவணும்."

மீன் என்றால் குளிர் ரத்தம் என்று பள்ளிக்கூடத்தில் படித்தவன் நான். இது என்ன புதுக்கதை என்று நினைத்துக்கொண்டே மெஷினிடம் போனேன்.

அது அடிக்கடி சூடேறித் தானாக நின்றிருக்கிறது. ஒவ்வொரு முறையும் யாரோ சிவப்புப் பொத்தானை அமுக்கி மறுபடி ஓட்டியிருக்கிறார்கள். எங்கள் பால் நிலையத்திலும் இப்படி ஒரு பொத்தான் வீரர் உண்டு. கடைசியில் உள்ளே கசிவை அடைக்கும் கேஸ்கட் ஒன்று கிழிந்து, மெஷின் ஒரேயடியாகப் படுத்துவிட்டது. ஏன் சூடேறியது? கடல் தண்ணீர் ஓடிக் குளிரவைக்கும் குழாய்களை, பிளான்டில் கிடந்த ஒரு பழைய ஸ்பானரால் திறந்து பார்த்தேன். உள்ளே தண்ணீர் போக வழியே இல்லை. அரிசி அளவிலும் உளுந்து அளவிலும் ஓடுள்ள சின்னஞ்சிறு உயிர்கள் குழாய் முழுக்க ஒட்டிக் குடித்தனம் செய்துகொண்டிருந்தன.

"இதெல்லாம் உயிரோட இருக்குதா?"

"பின்னே? கடல் தண்ணியில்லா" என்றார் ஜெரால்டு.

நான் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டேன். மீனைப் பிடிப்பது அவர்கள், தின்பது வேறு யாரோ, நான் ஐஸுக்கு மட்டும்தான் பொறுப்பு என்று செஞ்சியில் இருந்தே மனசுக்குள் ஒரு கணக்குப் போட்டு வந்திருந்தேன். இப்போது என் கையால், கம்பி விட்டுக் குத்தி எடுக்க வேண்டும். டூல்ஸ் பை வரவில்லை, அதனால் முடியாது என்று சொல்லிவிடலாமா என்றுகூட யோசித்தேன். நல்ல சாக்கு, உண்மையான சாக்கும்கூட.

அரைமணி நேரம் வெளியே உட்கார்ந்திருந்தேன். ஹசன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ஜெரால்டு என் சங்கடத்தை எப்படி விளக்கினாரோ தெரியாது. ஹசன் சிரிக்கவில்லை. ஏதோ சொன்னார்.

"போன மாசமும் மெஷின் இப்பிடித்தான் நின்னு போச்சாம். ஒரு தோணி மீனயும் திரும்பக் கடல்ல கொட்டினாராம்" என்று ஜெரால்டு சொன்னார். "கொட்டும்போ எங்க பாக்கணும்னு தெரியலன்னு சொல்லுதாரு."

நான் எழுந்து உள்ளே போனேன். படகு இன்ஜின் பழுதுபார்க்கும் கடையில் நல்ல ஸ்பானரும் நீளக் கம்பியும் இரவல் வாங்கி, ஒவ்வொரு குழாயாகக் குத்தினேன். வெளியே வந்ததையெல்லாம் பக்கெட்டில் கடல் தண்ணீர் விட்டுச் சேர்த்து, கொண்டுபோய்க் கடலில் ஊற்றினேன். எத்தனை பிழைத்தன என்று கேட்காதீர்கள். நிறையப் பிழைத்திருக்காது, எனக்கே தெரியும். வேலையாட்கள் வரிசையாக நின்று வேடிக்கை பார்த்தார்கள். ஒருவர், "இவர் மெஷின் ரிப்பேருக்கு வந்தாரா, சிப்பி வளர்க்க வந்தாரா?" என்றாராம். நாலாவது பக்கெட்டை ஹசன் என் கையில் இருந்து வாங்கிக்கொண்டார். அதன்பிறகு அவரே ஊற்றினார்.

மூன்றாம் நாள் கேஸ்கட். பழைய கிழிசலைத் தாளில் வைத்து வரைந்து, இரவல் வாங்கிய கேஸ்கட் ஷீட்டில் கத்தரியால் வெட்டினேன். முதலில் வெட்டியதில் ஒரு ஓட்டையை மறந்துவிட்டேன். இரண்டாவது சரியாக வந்தது. மதியம் ஒரு மணிக்கு மெஷினை ஓட்டினேன். மீட்டர் முள்ளைப் பார்த்துக்கொண்டு நானும் ஜெரால்டும் ஹசனும் மூச்சு விடாமல் நின்றோம். முள் ஏறி, தயங்கி, நிற்க வேண்டிய இடத்தில் நின்றது. ஒரு மணி நேரம் கழித்து முதல் ஐஸ் செதில்கள் பொலபொலவென்று கொட்டின. ஜெரால்டு ஒரு கை அள்ளித் தலையில் போட்டுக்கொண்டார். அப்போதே வெளியே சத்தம் கேட்டது. தோணிகள் வந்துவிட்டன.

இறக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும் என்றுதான் இருந்தேன். முடியவில்லை. ஒவ்வொன்றும் என் தோள் உயரம். முதுகு கருநீலம், வயிறு வெள்ளி. முதுகிலும் அடியிலும் அரிவாள் போல வளைந்த நீளமான மஞ்சள் துடுப்புகள். அங்கிருந்து வால்வரை குட்டிக் குட்டியாக மஞ்சள் முட்கள். முன்பக்கத் துடுப்பு மடங்கி ஒரு பள்ளத்துக்குள் பதிந்துகொள்கிறது, கத்தி உறைக்குள் போவது போல. வேகமாகப் போகும்போது தண்ணீர் தடுக்கக் கூடாது அல்லவா?

கடைசியில் வந்த ஒன்று காலையில்தான் பிடிபட்டது. அதற்கு ஐஸ் போதவில்லை. ஹசன் என் கையைப் பிடித்து அதன் விலாவில் வைத்தார். கதகதப்பாக இருந்தது. பால் நிலையத்தில் பசு விலாவில் கை வைப்பதுபோல. நான் சட்டென்று கையை எடுத்துவிட்டேன்.

அந்தச் சூடு எப்படி என்று ஜெரால்டு சுவர்ப் படத்தில் காட்டினார். செவுளில் குளிர்ந்த ரத்தம் ஒரு மெல்லிய குழாயில் உள்ளே வருகிறது. உழைத்துச் சூடான ரத்தம் அதை ஒட்டிய குழாயில் எதிர்த்திசையில் போகிறது. போகிற சூடு வருகிற ரத்தத்துக்கு மாறிவிடுகிறது. பெரும்பாலான சூடு உடம்பைவிட்டு வெளியே போவதே இல்லை. நான் வாயைப் பிளந்தேன். வல்லத்தில் பாலைக் குளிரவைக்க நான் மாட்டியிருக்கும் தகட்டுப் பெட்டியிலும் பால் ஒரு பக்கம், குளிர்ந்த தண்ணீர் எதிர்ப்பக்கம், அதே வேலைதான். அதை மாட்ட எனக்கு மூன்று நாள் ஆனது, இரண்டு இடத்தில் ஒழுகியது. இந்த மீன் பிறவியிலேயே ஒழுகாமல் மாட்டிக்கொண்டு வந்திருக்கிறது.

படத்தில் இன்னும் இருந்தது. மற்ற மீன்களைப்போல இதனால் நின்ற இடத்தில் மூச்சுவிட முடியாது. வாயைத் திறந்துகொண்டு நீந்தினால்தான் செவுளில் தண்ணீர் ஓடும். நின்றால் மூச்சு முட்டிச் செத்துவிடும். பிறந்ததில் இருந்து சாகும்வரை ஒரே ஓட்டம். உலக வரைபடத்தில் இது வாழும் இடத்துக்கு மஞ்சள் பூசியிருந்தார்கள். பூமியின் இடுப்பில் அரைஞாண் கட்டியது மாதிரி வெப்பக் கடல் முழுக்க மஞ்சள். மத்தியதரைக் கடலுக்குள் மட்டும் போகாதாம். "நம்ம குளச்சலுக்கு வெளியயும் வரும் சாரே" என்றார் ஜெரால்டு, சொந்தக்காரர் வந்துபோவதைச் சொல்வது போல.

நான் ஐஸ் கொட்டும் வாயைச் சரிசெய்துகொண்டிருந்தபோது மேசையில் இருந்த என் போன் அடித்தது. வீடியோ கால். நைனா. என் கை முழுக்க கிரீஸ் என்று ஜெரால்டு நல்லெண்ணத்தில் எடுத்துவிட்டார்.

"ஐயா, நல்லாருக்கியளா? ஒங்க மவன் மட்டும் வரலன்னா இத்தன மீனும் நாசமாப் போயிருக்கும்!" சொன்னதோடு விடவில்லை. போனைத் திருப்பி வரிசையாகக் கிடந்த கேரைகளைக் காட்டினார்.

நான் ஓடிப் போய் வாங்கினேன். திரையில் நைனாவின் முகம். கோபம் இல்லை. அதுதான் தாங்கவில்லை.

"குச்சி ஐஸு இல்லியா?" என்றார்.

"இல்ல நைனா."

போனை வைத்துவிட்டார்.

நான்காம் நாள் காலை சுமதி பேசினாள். "நைனா இன்னைக்கு ஒண்ணும் சாப்புடலங்க. இன்னான்னு கேட்டா, நோம்புன்றாரு. பஞ்சாங்கத்த பாத்தேன், இன்னைக்கு ஒரு நோம்பும் இல்ல."

பை அன்றைக்கும் வரவில்லை. விமானம் இறங்கும் தீவுக்கு ஹசனே என்னைத் தன் தோணியில் கொண்டுபோனார். மீன்பிடிக்கப் போகவில்லை என்பதால் தூண்டிலும் இல்லை, இரையும் இல்லை. பாதி வழியில் அவர் எழுந்து நின்றார். தூரத்தில் பறவைகள், அடியில் ஓங்கில்கள் எனும் டால்பின்கள் கூட்டமாகத் துள்ளின. ஓங்கில்களுக்குக் கீழே கேரை இருக்கும் என்று இங்கே குழந்தைக்கும் தெரியுமாம். கூட வந்த இரண்டு பேரும் தலையில் அடித்துக்கொண்டு அனத்தினார்கள். கல்யாண வீட்டுக்கு வந்து இலை கிடைக்காதவர்கள் மாதிரி இருந்தது அவர்கள் முகம்.

ஹசன் இன்ஜினை நிறுத்தினார். கண்ணாடி மாதிரித் தண்ணீர். குனிந்து பார்த்தேன். அடியில் ஒன்று, பத்து, பிறகு எண்ண முடியாமல் அவை போய்க்கொண்டே இருந்தன. ஐஸ் மேல் கிடந்தபோது பார்த்த மஞ்சள் ஒன்றுமே இல்லை. உயிரோடு இருக்கும் மஞ்சள் வேறு. ஒன்று தண்ணீரைவிட்டு முழுசாக எழும்பி, வெயிலில் மின்னி, விழுந்தது. எதுவும் நிற்கவில்லை. திரும்பிப் பார்க்கவில்லை.

அரைகுறை ஆங்கிலத்தில் ஹசன் சொன்னார்: சிறு வயதில் இருந்து கடலுக்கு வருகிறேன், சும்மா பார்த்தது இதுதான் முதல் தடவை. சொல்லிவிட்டுத் தன் வெறுங்கையை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

செஞ்சியில் இறங்கி வீட்டுக்குப் போனபோது காலை எட்டு மணி. நைனா கூடத்தில் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். நான் எதிரில் தரையில் உட்கார்ந்தேன்.

"பொய் சொல்லிட்டேன் நைனா."

"சொன்ன."

"எம்மேல கோவத்துல ஒரு நாள் பூரா பட்டினி கெடந்தீங்க."

டம்ளரைக் கீழே வைத்தார். "உம்மேல கோவம்னா உன்னத்தாண்டா பட்டினி போடுவேன். நான் ஏன் கெடக்கறேன்?"

எனக்குப் புரியவில்லை. அவர் சுவரைப் பார்த்தபடி பேசினார்.

"மல்லாட்டைக்கு கம்பளிப்பூச்சி வருதில்ல. மருந்து அடிக்கறோமில்ல. மறுநாளு நான் இன்னா சாப்புடறேன்னு எப்பனா பாத்திருக்கியா?"

பார்த்ததில்லை. நாற்பத்தைந்து வயதாகிறது எனக்கு. வருடாவருடம் மருந்து டின்னைக் கடையில் இருந்து வாங்கிவந்து கொடுப்பதே நான்தான். மறுநாள் அவர் இலையைப் பார்த்ததில்லை.

"பூச்சிய உட்டா பயிரு போச்சி, குடும்பம் போச்சி. அடிச்சா பாவம். இன்னா பண்றது? அடிச்சிட்டு ஒரு நாளு ஒண்ணும் துன்னாம சும்மா இருப்பேன். அதனால ஒண்ணும் சரியாப்பூடாது, தெரியும். ஆனா இருக்கறதுதான்." டம்ளரை மறுபடி எடுத்தார். "நீ அங்க வேலையா இருந்த. மெஷினு பாக்கறவன் பட்டினி கெடந்தா கை நடுங்கும். அதான் உனுக்கு பதிலா நான் இருந்தேன்."

சுமதி சமையலறை வாசலில் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தாள். பிறகு நான் குழாய்க்குள் இருந்த உயிர்களைப் பற்றியும் பக்கெட்டைப் பற்றியும் நிற்காமல் ஓடும் அந்த மீனைப் பற்றியும் சொன்னேன். நைனா குறுக்கே கேட்டதெல்லாம் ஒன்றுதான்: "இன்னொருத்தரு வாங்கி ஊத்துனாரே, அவரு பேரு இன்னா?" ஹசன் என்றேன். மனசுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

மறுநாள் நானும் பட்டினி இருந்தேன். காலையில் வீரமாகத்தான் இருந்தது. பத்து மணிக்கு சுமதி தாளித்த வாசனை வந்ததும் தடுமாறினேன். பதினோரு மணிக்கு ஃபேனுக்கு அடியில் மல்லாந்து படுத்துவிட்டேன். நைனா வந்து பார்த்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டார் என்று நினைக்கிறேன். வடிகட்டிய தண்ணீர் ஒரு சொம்பு கொண்டுவந்து பக்கத்தில் வைத்து, தானும் தரையில் உட்கார்ந்தார்.

"பழக்கமில்ல உனுக்கு" என்றார். "எழுந்து குந்து. நிக்காம ஓடிகினே இருக்குதுன்னியே அந்த மீனு, அத்த மொதல்ல இருந்து சொல்லு. பசி தெரியாது."